குழந்தைக்கு எந்தப் புத்தகம்? சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏழு வயசுப் பையனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?" புத்தகக் காட்சி நெருங்கும் நாட்களில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். வயதை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு நல்ல பதில் சொல்ல முடியாது. சென்னையில் ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு ஏழு வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறது. பேருந்தின் பெயர்ப்பலகையைத் தானே வாசிக்கிறது. இன்னொரு குழந்தை ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்துவிட்டு, தமிழில் 'கொ' வந்ததும் நின்றுவிடுகிறது. அடுத்த வீட்டில் தாத்தா பாட்டியோடு தெலுங்கு பேசிக்கொண்டே தமிழ் பழகும் குழந்தை. மூவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் பிடிக்கும். மற்ற இருவரும் தங்களுக்குப் படிக்க வராது என்றே நினைத்துக்கொள்வார்கள். அந்த நினைப்பு ஒருமுறை வந்துவிட்டால் அதை அகற்றப் பல மாதங்கள் ஆகும்.

எங்கள் குடியிருப்பில் நடக்கும் சிறுவர் வாசிப்பு வட்டத்தில் நான் எல்லாப் பெற்றோரிடமும் முதலில் சொல்வது ஒன்றுதான். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே சமயத்தில் இரண்டு புத்தகங்கள் வேண்டும்: தானே படிக்க ஒன்று, பிறர் படிக்கக் கேட்க ஒன்று. தானே படிக்கும் புத்தகம் குழந்தையின் திறனுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கேட்கும் புத்தகம் தாராளமாக மேலே இருக்கட்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஆசையாக வாங்கிய பல புத்தகங்கள் அலமாரியிலேயே கிடக்கின்றன.

முதல் படி: வயதைக் கடைசியாகக் கேளுங்கள்

உங்கள் குழந்தைக்கோ, நண்பர் வீட்டுக் குழந்தைக்கோ, யாருக்குப் பரிந்துரைத்தாலும் முதலில் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை எந்தக் கதையை "இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டது? எதைப் பற்றி ஓயாமல் பேசுகிறது? மெட்ரோ ரயில், கிரிக்கெட், எறும்பு, பல்லி முட்டை, டைனோசர், எதுவாகவும் இருக்கலாம். எதற்குப் பயப்படுகிறது? வீட்டில் யாரால், எந்த நேரத்தில், எந்த மொழியில் வாசித்துக் காட்ட முடியும்?

கடைசிக் கேள்வியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பாதித் தேர்வை அதுதான் முடிவு செய்கிறது. அப்பா அம்மா இருவரும் இரவு எட்டு மணிக்குமேல் வீடு திரும்பும் குடும்பத்துக்கு, பத்து நிமிடத்தில் முடிகிற படக்கதைகள் வேண்டும். ஆயா தாத்தா உடனிருக்கும் வீட்டில் நீளமான நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு அழகாக ஓடும். தாத்தாவுக்குப் பார்வை மங்கல் என்றால் பெரிய எழுத்தில் அச்சான புத்தகமாகப் பாருங்கள். வாசித்துக் காட்டுபவருக்குத் தமிழ் எழுத்து தெரியாவிட்டால் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும் இருமொழிப் புத்தகம் கைகொடுக்கும்.

பள்ளி மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே கேட்காதீர்கள். புத்தகம் இன்னொரு பரீட்சை என்ற எண்ணம் அந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடும்.

இரண்டாம் படி: தமிழில் எங்கே தடுக்குகிறது என்று பாருங்கள்

"என் பொண்ணுக்குத் தமிழ் வரவே மாட்டேங்குது" என்று சொல்லும் பெற்றோரிடம், எந்த இடத்தில் வரவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. ஒரு பக்கத்தைத் திறந்து குழந்தையைப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இடையில் திருத்த வேண்டாம்.

தடுக்கும் இடங்கள் பொதுவாக மூன்று. முதலாவது கொம்பு. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ, கௌ ஆகியவற்றில் எழுத்தின் இரு பக்கமும் குறி நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒலிகளைக் கோத்துப் பழகிய கண்ணுக்கு இது உண்மையிலேயே சிரமம். சோம்பல் என்று திட்டக் கூடாது. இரண்டாவது, சொல்லின் நீளம். 'பார்த்துக்கொண்டிருந்தபோது' என்ற ஒரே சொல்லில் 13 எழுத்துகள். பாதியில் மூச்சு வாங்கினால் முன்பாதி மறந்துவிடும். மூன்றாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் "பாத்துட்டு இருந்தேன்" என்று சொல்லும் குழந்தைக்குப் புத்தகத்தில் இருப்பது அதே சொல்தான் என்று உடனே புரிவதில்லை.

ஆகவே, தானே படிக்கும் முதல் தமிழ்ப் புத்தகத்தில் இவற்றைப் பாருங்கள்: வாக்கியத்துக்கு மூன்று நான்கு சொற்கள், சொற்களுக்கிடையே தாராளமான இடைவெளி, திரும்பத் திரும்ப வரும் தொடர், பேச்சு நடையில் அமைந்த உரையாடல், படத்தைப் பார்த்தே ஊகிக்கக்கூடிய பெயர்கள். எழுத்தின் அளவையும் கவனியுங்கள். 'ழ', 'ள' இரண்டின் வேறுபாடும் புள்ளியும் தெளிவாகத் தெரிய வேண்டும். அலங்கார எழுத்துருவில் அச்சிட்ட புத்தகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நிலையில் வேண்டாம்.

ஒரு பக்கத்தில் நான்கைந்து சொற்களுக்குமேல் நின்றுவிட்டால் அந்தப் புத்தகத்தைக் கேட்கும் அடுக்குக்கு மாற்றிவிடுங்கள். "இதை நான் படிக்கிறேன், நீ படம் பாரு" என்று சொன்னால் போதும். எட்டொன்பது வயதிலும் எழுத்துகள் தொடர்ந்து இடம் மாறித் தெரிவதாகக் குழந்தை சொன்னாலோ, எந்த மொழியிலும் வாசிப்பு நகராவிட்டாலோ, புத்தகத்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரு நிபுணரைப் பார்ப்பது நல்லது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமம் உள்ள குழந்தைகளுக்காகவே இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் சென்னையில்தான் இருக்கிறது. அதுவரைக்கும் கேட்கும் புத்தகத்தை நிறுத்திவிடாதீர்கள். கதை தரும் சந்தோஷம் எழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

மூன்றாம் படி: பருவத்துக்கேற்ற வகை

மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கிழியாத கெட்டி அட்டைப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு பெரிய படம், அதோடு நீங்கள் பாடும் பாட்டு. கடித்துத்தான் பார்ப்பார்கள், பரவாயில்லை.

மூன்றிலிருந்து ஆறுவரை படக்கதைக் காலம். இந்தப் பருவத்துக்குச் சென்னைக் குடும்பங்கள் கொடுத்துவைத்தவை. தூலிகா, தாரா புக்ஸ் இரண்டும் இங்கிருந்தே இயங்கும் பதிப்பகங்கள். தூலிகா தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ஒரே கதையைக் கொண்டுவருகிறது. இருமொழிப் பதிப்புகளும் உண்டு. அவற்றில் வரும் குழந்தைகள் நம் வீட்டுக் குழந்தைகளைப் போலவே இருப்பார்கள். மொட்டைமாடி, காக்கா, ஆட்டோ எல்லாம் வரும். தாரா புக்ஸ் கையால் செய்த காகிதத்தில், பட்டுத்திரை அச்சில், கோண்டு போன்ற பழங்குடி ஓவிய மரபுகளோடு செய்யும் புத்தகங்கள் உலகம் முழுக்கப் பெயர் பெற்றவை. விலை அதிகம்தான். திருவான்மியூரில் இருக்கும் அவர்களது 'புக் பில்டிங்'குக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு புத்தகம் எப்படி உருவாகிறது என்று காட்டுவதே ஒரு நல்ல சனிக்கிழமை.

ஆறிலிருந்து எட்டுதான் கவனமாகக் கையாள வேண்டிய பருவம். தானே படிக்கத் தொடங்கியதும் "இனி நீயே படி" என்று பெரியவர்கள் விலகிவிடுகிறார்கள். அதுவரை யானையும் ராஜகுமாரியும் பூதமும் வந்த கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தை, இப்போது "இது மரம். மரம் பச்சை" என்பதோடு தனியாக விடப்படுகிறது. அதற்குச் சலிப்பு வருவது இயற்கை. இந்த மூன்று வருடங்களில் வாசித்துக் காட்டுவதை அதிகப்படுத்துங்கள், குறைக்காதீர்கள். தானே படிக்க, தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்துக்காக வந்த சின்னஞ்சிறு புத்தகங்கள் நல்ல முன்மாதிரி. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பதால் வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பைப் பார்த்துக் கொடுக்க முடிகிறது. கேட்க, இன்னும் பெரிய கதைகள்: நாட்டுப்புறக் கதைகள், தெனாலிராமன், அத்தியாயம் அத்தியாயமாக நீளும் சாகசம். அழ. வள்ளியப்பாவின் பாடல்களை இந்த வயதில் சேர்ந்து சொல்லிப் பாருங்கள். சந்தம் நாக்கில் ஏறிய பிறகு அதே பாடலைப் பக்கத்தில் காட்டினால், மனப்பாடமாகத் தெரிந்த வரியைக் கண் துரத்திப் பிடிக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையிலிருந்து சரளத்துக்குப் போக இதைவிட எளிய வழியை நான் பார்த்ததில்லை.

எட்டிலிருந்து பதினொன்றுவரை விருப்பங்கள் பிரியும். சிலருக்குக் கதை, சிலருக்குத் தகவல். "எங்க பையன் கதைப் புத்தகமே தொடமாட்டேங்கிறான்" என்று வருத்தப்படும் அம்மாக்களிடம், அவன் எதைத் தொடுகிறான் என்று கேட்பேன். பூச்சிகள், கிரகங்கள், ரயில் வரைபடம் என்று பதில் வரும். அப்படியானால் அவன் வாசகன்தான். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே பல காலமாக வந்துகொண்டிருக்கிறது. காமிக்ஸையும் ஒதுக்காதீர்கள். சிவகாசியிலிருந்து வரும் முத்து, லயன் காமிக்ஸ்களைப் படித்தே தமிழில் வேகம் பிடித்த தலைமுறை ஒன்று உண்டு. துப்பாக்கிச் சண்டை நிறைய வரும் இதழ்களைத் தள்ளிவைத்துவிட்டு, லக்கி லூக் போன்ற நகைச்சுவைத் தொடர்களில் தொடங்கலாம். எழுத்து சிறியது என்பதால் பத்து வயதுக்கு மேல் சௌகரியம்.

புதிய சிறார் நாவல்களும் இந்த வயதுக்குத்தான். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை மையமாக வைத்தது. 2023-இல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. வரலாற்றுப் பாடம் கசக்கும் குழந்தைக்கு இதைக் கொடுத்துவிட்டுப் பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள்.

பதினொன்றைத் தாண்டியவர்களுக்கு நீங்கள் தேர்ந்தெடுப்பதைக் குறைத்துக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேளுங்கள். அந்த வயதுக்கு நான் தயங்காமல் சொல்வது நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கும் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாகக் கொண்ட டோக்கியோ பள்ளி ஒன்றில் உண்மையில் நடந்தவை. பள்ளியோடு ஒத்துப்போக முடியாத குழந்தைக்கு அதில் ஒரு துணை கிடைக்கும். பெற்றோரும் படிக்க வேண்டும். ஒரு நண்பனின் மரணமும் போரும் அதில் வருவதால், அந்தப் பக்கங்களின்போது பக்கத்தில் இருங்கள்.

நான்காம் படி: கொடுக்கும் முன் முழுக்கப் படியுங்கள்

சிறுவர் புத்தகம் ஒன்றைப் படித்து முடிக்கப் பெரியவருக்கு அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் பரிந்துரைப்பது நியாயமில்லை.

பழைய கதைகளை மறுபதிப்புச் செய்யும்போது சில விஷயங்கள் அப்படியே வந்துவிடுகின்றன. கறுப்பாக இருப்பவன் கெட்டவன், குண்டாக இருப்பவன் முட்டாள், மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி, பெண் என்றால் அடுப்படி, ஒரு சாதித் தொழிலைக் கேலிப்பொருளாக்குவது. குழந்தை எதையும் கேள்வி கேட்காமல் உள்வாங்கும் பருவத்தில் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பத்து வயதுக்குமேல் என்றால் ஒளிக்க வேண்டியதில்லை. "இதுல உனக்கு எது சரியில்லைனு தோணுது?" என்று கேட்டுப் பாருங்கள், நம்மைவிடக் கூர்மையாகச் சொல்வார்கள்.

மொழிபெயர்ப்பாக இருந்தால் இரண்டு பக்கங்களைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் வாங்க வேண்டாம். எந்தப் பதிப்பகத்துக்கும் இது பொருந்தும்.

கனமான விஷயங்களைப் பேசும் புத்தகங்கள் தனி வகை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' தவறான தொடுதலைப் பற்றிக் குழந்தைகளோடு பேசுகிறது. எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியது. ஆனால் பெற்றோர் படித்துவிட்டு, உரையாடத் தயாரான பிறகு கொடுக்க வேண்டியது. இரா. நடராசனின் 'ஆயிஷா' ஒல்லியாக இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு வாங்கிவிடுகிறார்கள். கேள்வி கேட்கும் மாணவி ஒருத்தியை வகுப்பறை எப்படி நடத்துகிறது என்று சொல்லும் கதை அது. முடிவில் அவள் இறந்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதுக்குமேல், ஒரு பெரியவரும் கூடவே படித்தால் நல்லது. ஆசிரியர்களுக்குப் பரிசளிக்க அருமையான புத்தகம்.

ஐந்தாம் படி: சென்னையில் எங்கே தேடுவது

முதலில் நூலகம். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அந்தப் பணத்தில்தான் நம் பொது நூலகங்கள் நடக்கின்றன. அதனால் உரிமையோடு போங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் குழந்தையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். தன் பெயர் எழுதிய அட்டை குழந்தைக்குப் பெரிய விஷயம். சிறுவர் பகுதி சின்னதாக இருந்தால் நூலகரிடம் பேசுங்கள். என்ன வேண்டும் என்று வாசகர்கள் எழுதிக் கேட்டால் வாங்கும்போது கவனிப்பார்கள்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய செயற்கை மரம், அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கலாம். ஒரு புத்தகத்தை வாங்கும் முன், குழந்தைக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் தரைத்தளத்தில் பிரெய்ல் பகுதி இருக்கிறது. போகும்போது ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, குழந்தை தானாக எடுத்துக் கடைசிவரை பார்த்த புத்தகங்களின் பெயர்களை மட்டும் குறித்து வாருங்கள். நீங்கள் எடுத்து நீட்டியவை அந்தக் கணக்கில் சேராது. அப்புறம் அந்தப் பட்டியலை வைத்து வாங்கினால் பணம் வீணாகாது.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, பொங்கலை ஒட்டி ஜனவரியில் நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில். பத்து சதவீதத் தள்ளுபடி எல்லா அரங்கிலும் கிடைக்கும். குழந்தையோடு போவதாக இருந்தால் பொங்கல் விடுமுறை மாலைகளைத் தவிர்த்து வேலைநாளில் போங்கள். உள்ளே நுழைந்ததும் உங்கள் நாவல்களைத் தேடாமல் நேராகச் சிறுவர் அரங்குகளுக்குப் போய்விடுங்கள். இரண்டு வரிசை நடப்பதற்குள் குழந்தை களைத்துவிடும். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள், வானம் பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா ஆகியவற்றை முதலில் பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்களின் விலை கையைக் கடிக்காது. குழந்தையின் கையிலேயே ஒரு தொகையைக் கொடுத்து, அதில் என்ன வாங்கினாலும் மறுப்புச் சொல்வதில்லை என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். மின்னும் அட்டையில் ஒன்றுமில்லாத புத்தகத்தை எடுத்தாலும் சரி, அது அவர்கள் தேர்வு.

மற்ற மாதங்களில் தேனாம்பேட்டை பாரதி புத்தகாலயம், கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ் போன்ற கடைகள் இருக்கின்றன. திருவல்லிக்கேணி பாரதி சாலையின் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலச் சிறுவர் நூல்கள் மலிவாகக் கிடைக்கும். பக்கம் கிழிந்திருக்கிறதா, முந்தைய குழந்தை விடைகளை எழுதிவைத்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

செலவே செய்ய முடியாத நிலையில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. 2015 முதல் இயங்கும் இதில் தமிழ்க் கதைகள் நிறைய. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து, இலவசமாகப் படிக்கவும் பதிவிறக்கி அச்சிடவும் திறந்த உரிமத்தோடு கொடுக்கிறார்கள். கைபேசியில் காட்டுவதைவிட, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் குழந்தையையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அந்தப் பிரதியை யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

"கதையிலிருந்து என்ன நீதி தெரிஞ்சுகிட்ட?" என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் குழந்தைக்கு அது கேள்வித்தாளாகவே கேட்கும். அதற்குப் பதில் "எனக்கு அந்த ஆடு ஓடுற இடம் பிடிச்சிருந்தது" என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். பதிலுக்கு ஒன்று வரும். வராவிட்டாலும் நல்லது.

ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் வாசியுங்கள். பாதியில் வைத்துவிட்டால் விட்டுவிடுங்கள். சில மாதங்கள் கழித்துத் தானாகத் திரும்பி வருவதும் உண்டு. புத்தகத்தை எட்டாத உயரத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைக்க வேண்டாம். முன்னட்டை தெரியும்படி தரைக்குப் பக்கத்தில் ஐந்தாறு மட்டும் போதும். மற்றவற்றை எடுத்துவைத்து அவ்வப்போது மாற்றுங்கள்.

முதல் புத்தகம் பிடித்துப்போனால் அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது? எது பிடித்தது என்று பிரித்துப் பாருங்கள். யானைக் கதை பிடித்தது என்றால் யானையா, சிரிப்பா, படமா, திரும்ப வரும் பாட்டு வரியா? யானை என்று நினைத்து மூன்று யானைப் புத்தகங்களை வாங்குவார்கள். குழந்தைக்குப் பிடித்ததோ அந்தப் பாட்டு வரியாக இருக்கும். அதே எழுத்தாளர், அதே ஓவியர் என்று தேடிப் போவது பெரும்பாலும் பலிக்கிறது. ஓவியரின் பெயரைக் குழந்தையிடம் சொல்லிப் பழக்குங்கள்.

பிறந்தநாள் விழாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட்டைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஒரே புத்தகத்தின் இருபது பிரதிகளை வாங்க வேண்டாம். விலை குறைந்த, வெவ்வேறு நிலைகளில் இருக்கும் இருபது புத்தகங்களை மேசையில் பரப்பிவிட்டு, வரும் குழந்தைகளையே ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழும் ஆங்கிலமும் இருமொழியும் கலந்து இருக்கட்டும். ஒரே குடியிருப்பு என்றால் அடுத்த வாரமே தங்களுக்குள் மாற்றிக்கொள்ளத் தொடங்குவார்கள். அதற்கு ஒரு பழைய அட்டைப்பெட்டியை லிஃப்ட் பக்கத்தில் வைத்துக்கொடுத்தால் போதும்.